மண், தறி, கண்ணாடி, வகுப்பறை: கே.ஜி. சுப்ரமணியன் வேலை செய்த விதம்

1942-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த 18 வயது மாணவர் ஒருவர் வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் இறங்கி, 6 மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் அரசுக் கல்லூரி எதிலும் இனி அவருக்கு இடமில்லை. பொருளாதாரம் அத்தோடு போயிற்று. 1944-ல் வங்காளம் போய், சாந்திநிகேதனின் கலாபவனத்தில் ஓவியம் படிக்கச் சேர்ந்தார். கல்பாத்தி கணபதி சுப்ரமணியன், அதாவது கே.ஜி. சுப்ரமணியன், ஓவியரான கதை இதுதான். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம். பிறந்தது 1924-ல் வடக்கு மலபாரின் கூத்துப்பறம்பில். வளர்ந்தது பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த மாஹியில். இவ்வளவு இருந்தும் தமிழில் அவர் பெயர் அதிகம் புழங்குவதில்லை என்பது கொஞ்சம் வருத்தம்தான்.

2016-ல், 92 வயதில், வடோதராவில் (பழைய பெயர் பரோடா) காலமானார். நடுவில் அவர் கைபட்டவற்றை அடுக்கினால் மூச்சு வாங்கும்: எண்ணெய் வண்ணம், நீர்வண்ணம், சுவர்ச் சித்திரம், சுடுமண் புடைப்புகள், மரப் பொம்மைகள், துணி வடிவமைப்பு, கயிற்றிலும் நாரிலும் முடைந்த உருவங்கள், அச்சுப் படங்கள், கண்ணாடிக்கும் அக்ரிலிக் தகட்டுக்கும் பின்புறம் தீட்டிய ஓவியங்கள், குழந்தைகளுக்கான படக்கதைகள், கவிதைகள், கட்டுரைத் தொகுதிகள். இதில் பெரும்பகுதியைச் செய்தபோது அவர் மாதச் சம்பளக்காரர். பரோடாவில் விரிவுரையாளர், பேராசிரியர், டீன். பிறகு சாந்திநிகேதனில் பேராசிரியர்.

இங்கே இரண்டு பழைய சந்தேகங்கள் எழும். ஒன்று, வாத்தியார் வேலைக்குப் போன ஓவியன் படம் போடுவதை விட்டுவிடுவான். (ஓவியருக்குப் பெண் கொடுக்கத் தயங்கும் வீடுகள் ‘டிராயிங் மாஸ்டர்’ என்றால் கொஞ்சம் இளகும். அந்த இளக்கத்துக்குப் பின்னால் இருப்பதும் இதே கணக்குதான்.) இரண்டு, எல்லாவற்றிலும் கை வைப்பவன் ஒன்றிலும் தேறமாட்டான். இரண்டுக்கும் பதிலாக அவரை நிறுத்தி ‘பன்முகக் கலைஞர்’ என்று பட்டம் கட்டிவிடுவது வழக்கம். எனக்கு அந்தப் பட்டத்தில் திருப்தி இல்லை. ஏதோ பிறவியிலேயே வரம் வாங்கி வந்தவர் என்பது போல அது தொனிக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் கதை வேறு. ஒவ்வொரு புதுப் பொருளுக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு போனது ஏதாவது ஒரு வேலை: ஒரு வகுப்பு, ஒரு அலுவலகப் பொறுப்பு, மாணவர்கள் நடத்திய ஒரு சந்தை, யாரோ கட்டிய கட்டடத்தின் வெறுஞ்சுவர். சம்பளத்துக்குச் செய்த வேலைதான் அவர் கலைக்கு வழி வெட்டிக் கொடுத்தது.

இதைப் புரிந்துகொள்ள அவர் படித்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும். வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியாவில் தொடங்கிய கலைப்பள்ளிகள் ஒரு பிரிவினையோடு பிறந்தவை. 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹன்டர் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியும் அப்படித்தான். கைத்தொழில் ஒரு பக்கம், ‘நுண்கலை’ ஒரு பக்கம். பானை செய்பவர் வேறு, படம் வரைபவர் வேறு. தாகூர் 1919-ல் தொடங்கிய கலாபவனத்தில், அதை நடத்திய ஓவியர் நந்தலால் போஸ் இந்த வேலியைப் போடவே இல்லை. ஓவியம் படிக்க வந்தவர் சுவரிலும் வரைவார், தரையில் கோலமும் போடுவார், நாடகத்துக்கு மேடையும் கட்டுவார், தோலிலும் துணியிலும் கை பழகுவார். நந்தலாலே 1938-ல் ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்காகக் கைக்காகிதத்தில் வரிசை வரிசையாகச் சித்திரங்கள் தீட்டினார். ஊரில் கிடைத்த மண் நிறங்கள், அகலமான தூரிகை வீச்சு, உழைக்கும் ஜனங்களின் உருவங்கள். மாநாட்டுக்கு வரும் விவசாயி நடந்துகொண்டே பார்த்துவிட்டுப் போகிற மாதிரிப் படங்கள். இன்னொரு ஆசிரியர் ராம்கிங்கர் பைஜ். வெண்கலம் வார்க்கப் பணம் கிடையாது. அதனால் சிமென்ட்டில் செம்மண் சரளையைக் கலந்து அப்பி, திறந்த வெளியில் ஆளுயரத்துக்கு மேல் சந்தால் பழங்குடிக் குடும்பம் ஒன்றைச் சிலையாக நிறுத்தினார். அதுவும் 1938-ல்தான்.

மூன்றாமவர் பினோத் பிகாரி முகர்ஜி. சுப்ரமணியனுக்கு ஆழமாகப் பாடம் சொன்னவர் இவர் என்று நினைக்கிறேன். பிறந்ததிலிருந்தே பார்வைக் குறை. 1946-47-ல் சாந்திநிகேதனின் ஹிந்தி பவனத்துச் சுவர்களில் மத்தியகாலப் பக்தர்களின் வாழ்க்கையை அவர் வரைந்தபோது உதவிக்கு நின்ற மாணவர்களில் சுப்ரமணியனும் ஒருவர். ராமானுஜர், கபீர், சூர்தாஸ், துளசிதாஸ் என்று நீளும் கூட்டம் அது. ஈரச் சுண்ணாம்புக் காரையில் செய்த வேலை. காரை காய்ந்து இறுகும்போது வண்ணப்பொடியையும் தன்னோடு பூட்டிக்கொள்ளும். பிறகு அழிக்க முடியாது, ஒட்டுப்போட முடியாது. ஒரு நாளில் எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுக்குத்தான் அன்று காரை பூசுவார்கள். முழு அளவுக்குப் படம் போட்டுச் சுவரில் பதித்துக்கொண்டு வரைவது இந்த முறையில் பொதுவான வழக்கம். பினோத் பிகாரி அப்படிச் செய்யவில்லை. சரியாகப் பார்க்க முடியாதவர் சுவரில் நேரடியாகவே வரைந்துகொண்டு போனார்.

பக்கத்தில் நின்ற 22 வயது மாணவருக்கு இதில் என்ன புரிந்திருக்கும்? சுவரைப் பெரிய காகிதம் என்று எண்ணிப் பயனில்லை. சட்டம் போட்ட படத்தின் முன்னால் ஆள் நிற்பார். சுவரின் முன்னால் ஆள் நடப்பார். உருவங்கள் அவரோடு சேர்ந்து நகர வேண்டும். பதினைந்து ஆண்டு கழித்து லக்னோவில் இந்தப் பாடம் வேலைக்கு வந்தது.

அதற்கு முன் பரோடா. மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் 1949-ல் உருவானது. அதன் துணைவேந்தர் ஹன்சா மேத்தா. அடுத்த ஆண்டே அங்கே நுண்கலைத் துறை தொடங்கியது. டிப்ளமாவுக்குப் பதில் பட்டம், வரைவதோடு சேர்த்துக் கலை வரலாறு என்பதெல்லாம் அன்றைக்குப் புதுசு. ஓவியத்தில் என்.எஸ். பெந்த்ரே, சிற்பத்தில் சங்கோ சௌதுரி. 1951-ல் சுப்ரமணியன் விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1955-56-ல் உதவித்தொகையில் லண்டனின் ஸ்லேட் கலைப்பள்ளிக்குப் போய்விட்டு வந்தார். இந்தக் காலத்து ஓவியங்களில், உருவத்தைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிசத்தின் பிடி தெரியும். நல்ல படங்கள்தான். ஆனால் அப்போது பம்பாயிலும் டெல்லியிலும் இன்னும் பலர் அதே பாணியில் நல்ல படங்கள் போட்டுக்கொண்டிருந்தார்கள். இதோடு நின்றிருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

திருப்பம் ஒரு அரசு வேலையில் வந்தது. 1959-ல் அகில இந்தியக் கைத்தறி வாரியத்தில் வடிவமைப்புக்கான துணை இயக்குநராகப் போனார். 1961 வரை அந்தப் பதவி, பிறகு 1966 வரை ஆலோசகர். சுதந்திரத்துக்குப் பிறகு மில் துணியின் போட்டியில் திணறிக்கொண்டிருந்த நெசவாளர்களுக்குக் கைகொடுக்க 1950-களில் நெசவாளர் சேவை மையங்கள் வந்தன. புபுல் ஜெயகரின் முனைப்பில் அங்கே ஓவியர்களை வேலைக்கு எடுத்தார்கள். பிரபாகர் பார்வே அப்படிப் போனவர். நமக்கெல்லாம் பத்திரிகைக் கோட்டோவியங்கள் வழியாகத் தெரிந்த ஆதிமூலமும் அப்படித்தான். இந்திய நவீன ஓவியத்தில் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

ஓவியருக்குத் தறி என்ன கற்றுக்கொடுக்கும்? முதலில், திமிரை அடக்கும். பாவு நூல் நெட்டுக்கு ஓடும், ஊடை நூல் குறுக்குக்கு. சாய்வான கோடு என்று ஒன்று தறிக்குத் தெரியாது. சாய்வைக் கேட்டால் படிக்கட்டைத் தரும். வளைவைக் கேட்டாலும் சிறு சிறு படிகள்தான். நூல் மெலிதாக இருந்தால் படி கண்ணுக்குத் தெரியாது, தடியாக இருந்தால் துருத்திக்கொண்டு நிற்கும். நிறமும் அப்படியே. தட்டில் நீலத்தையும் பச்சையையும் குழைத்தால் மூன்றாவது நிறம் ஒன்று வரும். பாவில் நீலமும் ஊடையில் பச்சையும் ஓட்டினால் வருவது மயில்கழுத்து. காஞ்சிபுரத்துச் சேலையைக் கையில் பிடித்து அசைத்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்: ஒரு பக்கம் சாய்த்தால் ஒரு நிறம், மறுபக்கம் வேறு. காகிதத்தில் அழகாக ஒரு பூவை வரைந்து நெசவாளரிடம் நீட்டும் ஓவியர் இங்கே தோற்றுப்போவார். தறியால் எது முடியும் என்று தெரிந்துகொண்டு அதற்குள்ளிருந்து யோசித்தால்தான் துணி வரும்.

சுப்ரமணியனின் பிற்காலக் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் கருத்துக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஒரு பேச்சு உண்டு, கலைஞன் அதைக் கற்றுக்கொண்டு அதில் பேச வேண்டும் என்பார். கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசாமியின் எழுத்தும் காந்தியும் இந்தத் திசையில் அவரை முன்பே தள்ளியிருந்தார்கள். (குமாரசாமியின் தந்தை சர் முத்து குமாரசாமி இலங்கைத் தமிழர்.) ஆனால் குமாரசாமியைப் படித்துவிட்டுக் கைவினைஞரைக் கும்பிட்டவர்கள் பலர். தறியடியில் உட்கார்ந்து கணக்குப் போட்டவர்கள் சிலர்தான். மரபு என்பதைப் பெட்டியில் பூட்டிவைத்த நகையாக அவர் பார்க்கவில்லை. நெசவாளர் தினமும் ஏதோ ஒன்றை மாற்றிக்கொண்டே இருக்கிறார் என்பதை அலுவலகக் கோப்பின் வழியாகவும் தறியின் வழியாகவும் பார்த்தவர் அவர்.

இந்த ஆண்டுகளிலேயே லக்னோ வேலை வந்தது. தாகூர் நூற்றாண்டை ஒட்டி நாட்டின் பல ஊர்களில் அரங்குகள் கட்டினார்கள். லக்னோவில் கட்டிய ரவீந்திராலயாவின் முகப்புச் சுவருக்கு 1963-ல் சுப்ரமணியன் சுடுமண்ணில் ஒரு சித்திரம் செய்தார். 81 அடி நீளம், 9 அடி உயரம். எடுத்துக்கொண்ட பொருள், தாகூரின் இருட்டறை ராஜா நாடகம். ராணி சுதர்சனாவை அரசன் இருட்டறையில் மட்டுமே சந்திப்பான். அவளோ அவனை வெளிச்சத்தில் பார்க்க ஆசைப்பட்டு, வேஷக்காரன் ஒருவனைக் கண்டு ஏமாறுவாள். கண்ணால் பார்க்க முடியாத அரசனின் கதையை எடுத்து, உத்தரப் பிரதேசத்து வெயில் நேராக விழும் வெளிச்சுவரில் வைத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது.

81 அடிக்கு ஒரே மண் பலகையைச் சூளையில் வைக்க முடியாது. மண் காயும்போது சுருங்கும், சுடும்போது இன்னும் சுருங்கும். பலகை பெரிதானால் வளையும் அல்லது விரியும். கனமாக இருந்து உள்ளே ஈரம் தங்கிவிட்டால் சூளையிலேயே வெடித்துச் சிதறும். ஆகவே சிறு சிறு துண்டுகள். சில அடிப்படை வடிவங்களை வைத்துக்கொண்டு, அவற்றைச் சேர்த்தும் திருப்பியும் அடுக்கியும் முகம், உடை, மரம், அரண்மனை எல்லாவற்றையும் கட்டினார். நெசவில் நூல் செய்யும் வேலையை இங்கே மண் துண்டு செய்கிறது. சின்ன அலகை மீண்டும் மீண்டும் வைத்துப் பெரிய உருவம். கைத்தறி வாரியத்தில் உட்காராத ஒருவருக்கு இந்த யோசனை வந்திருக்குமா என்று கேட்டால், வந்திருக்கலாம். இவருக்கு வந்த வழி அது.

மூன்றாவது பள்ளிக்கூடம், பரோடாவின் நுண்கலைச் சந்தை. 1960-களின் தொடக்கத்தில் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தத் தொடங்கியது. கையால் செய்த பொருட்களை மலிவு விலைக்கு விற்றுத் துறைக்குப் பணம் சேர்ப்பார்கள். பொம்மலாட்டம், பாட்டு, சாப்பாட்டுக் கடை எல்லாம் உண்டு. பேராசிரியர் சுப்ரமணியன் இதற்குப் பொம்மை செய்தார். சும்மா ஒப்புக்கு ஒன்றிரண்டு கிடையாது. மரத்துண்டு, மணி, தோல் என்று கிடைத்ததை வைத்து வருஷா வருஷம் செய்தார். ஒரு மர உருளை, ஒரு சீவல், இரண்டு மணி. உற்றுப் பார்த்தால் அது ஆந்தை. இன்றைக்கு அருங்காட்சியகங்களும் சேகரிப்பாளர்களும் தேடும் பொருட்கள் அவை. அன்றைக்குச் சந்தைக்கு வந்த பிள்ளைகள் வாங்கிக்கொண்டு போனவை. குழந்தைகளுக்கான புத்தகங்களும் இந்தச் சூழலில்தான் தொடங்கின. கடவுள் முதலில் எல்லா மிருகங்களையும் ஒரே மாதிரிப் படைத்தார் என்று ஆரம்பிக்கும் கதை 1969-ல் வந்தது.

இந்த இடத்தில் சென்னையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. இதே காலத்தில் கே.சி.எஸ். பணிக்கர் சென்னைக் கலைக் கல்லூரி முதல்வர். அவரும் அவர் மாணவர்களும் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும் துணி) போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் 1966-ல் சோழமண்டலம் கலைக் கிராமத்தை எழுப்பினார்கள். பெரிய சாதனை, சந்தேகமில்லை. ஆனால் அங்கே ஏற்பாடு வேறு: கைவினை வயிற்றுக்கு, ஓவியம் மனசுக்கு. பகலில் பாத்திக் செய்து கிடைக்கும் பணம் ஓவியனுக்குச் சுதந்திரம் வாங்கித் தரும். சுப்ரமணியனிடம் இந்த இரண்டு கணக்குப் புத்தகம் இல்லை. பொம்மையில் கண்டுபிடித்தது ஓவியத்துக்குள் வந்துவிடும், ஓவியத்தில் தோன்றியது மண்ணுக்குள் போய்விடும். சம்பளம் ஒன்று நிலையாக வந்துகொண்டிருந்ததால் இதெல்லாம் அவருக்கு முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். சோழமண்டலத்துக்காரர்களுக்கு அந்த வசதி இல்லை.

1968 முதல் 1974 வரை அவர் டீன். நிர்வாக வேலை மனுஷனைத் தின்றுவிடும் காலம் இது என்று எதிர்பார்ப்போம். ஆனால் அவருடைய மிகக் கூர்மையான சுடுமண் புடைப்புகள் இந்த ஆண்டுகளில்தான் வந்தன. 1971, வங்கதேசப் போர். கிழக்கு வங்காளத்துப் படுகொலைச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. தளபதிகளும் அவர்களுடைய வெற்றிச் சின்னங்களும் என்று ஒரு தொடர் செய்தார்.

இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மண்ணைச் சப்பாத்தி மாதிரித் தட்டையாகத் தேய்த்து, வெட்டி, மடித்து, கிள்ளி, ஒட்டி ஆக்கிய உருவங்கள். அச்சு கிடையாது. தளபதியின் மார்பில் மெடல்கள்: சிறு மண் உருண்டையை வைத்து விரலால் ஓர் அழுத்து. அவ்வளவுதான். அந்த அழுத்திய தடம் அப்படியே தெரியும். மீசையும் தொப்பியும் வேடிக்கையாக இருக்கும், சிரிப்பு வரும். பக்கத்துச் சதுரத்தில் துண்டுபட்ட உடல்கள் இருக்கும், சிரிப்பு நின்றுவிடும். மண் மிருதுவானது, தோலுக்குக் கிட்டத்தில் உள்ளது. கீறினால் காயம் போலவே தெரியும். இதையே எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருந்தால் போஸ்டர் ஆகியிருக்கும். கோபத்தைப் பொருளே சுமக்கும்படி விட்டதால் அவர் சத்தம் போட வேண்டியிருக்கவில்லை.

டீன் வேலைக்கும் சிறு மண் சதுரங்களுக்கும் ஒரு தொடர்பு இருக்கும் என்பது என் ஊகம். பெரிய கேன்வாஸ் நாள் கணக்கில் ஆளைக் கட்டிப்போடும். உள்ளங்கை அகலச் சதுரத்தைக் கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் கிடைக்கும் நேரத்தில் முடித்துவிடலாம். பத்துச் சதுரம் சேர்ந்தால் அது ஒரு பெரிய படைப்பு.

1980-ல் சாந்திநிகேதனுக்கே திரும்பினார், இப்போது ஓவியப் பேராசிரியராக. பரோடாவில் ‘மணி சார்’ ஆக இருந்தவர் இங்கே ‘மணிதா’ ஆனார். (வீட்டுப் பெயர் மணி. வங்காளிகள் அண்ணனுக்கு வைக்கும் ‘தா’வைச் சேர்த்துக்கொண்டார்கள்.) இந்தக் காலத்தில் அவர் அதிகம் வரைந்தது கண்ணாடியின் பின்புறத்திலும், பிறகு அக்ரிலிக் தகட்டின் பின்புறத்திலும்.

தஞ்சாவூர்க் கண்ணாடிப் படங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த முறை தெரிந்திருக்கும். கண்ணாடியின் பின்பக்கம் வரைவார்கள், முன்பக்கமிருந்து பார்ப்போம். எனவே எல்லாமே தலைகீழ் வரிசை. காகிதத்தில் வரைபவர் பின்னணியில் தொடங்கி, உருவத்துக்கு வந்து, கடைசியில் கண்மணியில் ஒரு புள்ளி வெளிச்சம் வைப்பார். கண்ணாடியில் அந்தப் புள்ளிதான் முதலில். அப்புறம் கருவிழி, அப்புறம் வெள்ளை விழி, மூக்குத்தி, பிறகு முகத்தின் நிறம், சேலை, கடைசியாகச் சுவரும் வானமும். வலது இடது மாறிவிடும், அதையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். தப்பாகப் போட்ட கோட்டை மேலே பூசி மறைக்க வழியில்லை, ஏனென்றால் முதலில் போட்டதுதான் கடைசி வரைக்கும் மேலே நிற்கும். முடிவை முதலிலேயே தீர்மானித்துவிட்டு, பிறகு கைக்கு வேகத்தைக் கொடுக்க வேண்டும். ஈரக் காரையில் பினோத் பிகாரி செய்ததற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

கோயில் படங்களை நகலெடுக்க அவர் இந்த முறைக்கு வரவில்லை. அவருடைய கண்ணாடிகளில் துர்க்கையும் மகிஷனும் வருவார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணும் வருவாள், நடுவில் ஒரு பூனை எல்லாரையும் நோட்டம் விட்டுக்கொண்டிருக்கும். யார் தேவி, யார் குடும்பப் பெண் என்று பிரிக்க முடியாதபடி கலந்துவிடுவார். காமமும் கேலியும் தாராளமாக உண்டு. பூஜை அறையில் மாட்ட முடியாத கண்ணாடிப் படங்கள். 1987-88-ல் ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்தபோது அந்த ஊர்க் கட்டடங்களையும் கற்பனை மிருகங்களையும் சேர்த்து ஒரு தொடர் செய்தார். அதிலும் இதே விளையாட்டு.

குறையும் சொல்ல வேண்டும். கடைசி இருபது ஆண்டுகளில் அவர் வரைந்தது மிக அதிகம். சரளமான கை, வேகமான முறை. எனவே சில இடங்களில் உருவங்கள் தாமாகவே வந்து உட்கார்ந்துகொண்டது போலிருக்கும். அதே பெண், அதே பூனை, அதே சாய்ந்த பார்வை. 1971-ன் மண் சதுரங்களில் இருந்த தயக்கமும் எதிர்ப்பும் இவற்றில் இல்லை. கண்ணாடியும் தறி மாதிரி ஆரம்பத்தில் எதிர்த்திருக்கும், பழகிய பிறகு விட்டுக்கொடுத்துவிட்டது போலும். அடுத்து, சந்தை. ஓவியச் சந்தைக்குப் பார்த்த உடனே அடையாளம் தெரியும் பாணி வேண்டும். இன்னார் குதிரை வரைவார், இன்னார் புள்ளி வைப்பார் என்று சொல்லி விற்க வேண்டும். பொம்மையும் நாரும் மண்ணும் செய்பவரை எந்த அலமாரியில் வைப்பது? 1975-ல் பத்மஸ்ரீ, 2006-ல் பத்மபூஷண், 2012-ல் பத்மவிபூஷண் என்று அரசு மரியாதைகள் ஒழுங்காக வந்தன. ஏலக்கூடங்களில் அவர் காலத்து பம்பாய் ஓவியர்களுக்குக் கிடைத்த ஆரவாரம் வரவில்லை. அதற்காக அவர் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை.

அவருடைய மாணவர்களைப் பார்த்தால் பாடம் எப்படி நடந்தது என்பது கொஞ்சம் பிடிபடும். யாரும் அவரைப் போல வரைவதில்லை. குலாம் முகமது ஷேக் ஓவியரும் எழுத்தாளரும் ஆனார். ஹக்கு ஷா குஜராத்தின் பழங்குடி, நாட்டுப்புறக் கலைகளுக்குள் போனார். 1963-65-ல் சுவர்ச் சித்திரம் படிக்க ஹைதராபாத்திலிருந்து போன லக்ஷ்மா கௌட் அச்சுப் படங்களில் பெயர் வாங்கினார். இவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை மிருணாளினி முகர்ஜியுடையது. பினோத் பிகாரியின் மகள். 1970-களின் தொடக்கத்தில் பரோடாவில் சுப்ரமணியனிடம் சுவர்ச் சித்திரம் படித்தார். சுவரை நிரப்ப எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்த வகுப்பின் இயல்பு. மிருணாளினி கயிற்றை எடுத்தார். சணலும் நாரும் முடிச்சு முடிச்சாகப் போட்டு, சுவரிலிருந்து இறங்கி, ஆளுயரத்துக்கும் மேலான தேவதைகளாக நின்றன. 2019-ல், மிருணாளினி இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அந்தச் சிற்பங்களுக்குப் பெரிய கண்காட்சி வைத்தது. அப்பாவின் சுவரில் சாந்து பிடித்துப் பழகிய மாணவர், மகளுக்குக் கயிற்றின் வழியைத் திறந்துவிட்டார்.

பினோத் பிகாரி 1957-ல் பார்வையை முழுவதும் இழந்தார். பார்வை போன பிறகும் காகிதத்தை வெட்டி ஒட்டினார், ஓடுகளில் சுவர்ச் சித்திரம் செய்தார், நினைவுகளைச் சொல்லி எழுத வைத்தார். அந்த வங்காள நினைவுக் குறிப்புகளைப் பின்னாளில் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் சுப்ரமணியன். அதையும் அவர் செய்த ‘ஊடகங்கள்’ பட்டியலில் சேர்க்கலாம், தப்பில்லை.

ஓய்வு பெற்றது 1989-ல். அதை ஓய்வு என்று சொல்ல முடியுமா தெரியவில்லை. 1990-ல் கலாபவனத்தில் ஒரு கட்டடத்தின் வெளிச்சுவர்களை முழுக்கக் கறுப்பு வெள்ளையில் சித்திரங்களால் நிரப்பினார். வெயிலிலும் மழையிலும் அவை மங்கியபோது, எண்பதைத் தாண்டிய வயதில் சாரம் ஏறி மறுபடி வரைந்தார். 2004-ல் பரோடாவுக்குக் குடிபெயர்ந்தார். 2013-ல், 89 வயதில், மதங்களின் பெயரால் நடக்கும் சண்டைகளை வைத்து 36 அடி நீளத்தில் ஒரு பெரும் ஓவியம்.

நேரில் பார்க்க நினைப்பவர்களுக்கு: சாந்திநிகேதன் போனால் ஹிந்தி பவனத்தையும் கறுப்பு வெள்ளைக் கட்டடத்தையும் ஒரே நாளில் பாருங்கள், இந்த வரிசையிலேயே. லக்னோவில் ரவீந்திராலயா சார்பாக் ரயில் நிலையத்துக்கு எதிரிலேயே இருக்கிறது. அடுத்த ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தால்கூடப் போதும். சாலையின் எதிர்ப்பக்கம் நின்று முழுதாக ஒரு தடவை பார்த்துவிட்டு, பிறகு சுவரோரமாக ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடங்கள். கிட்டத்தில் போகும்போதுதான் எந்த வடிவம் எங்கே திரும்ப வருகிறது என்பது பிடிபடும்.